குறைந்த செலவில் கணினிக்கு வாட்டர் கூலிங்: கிட் தேர்வு முதல் பராமரிப்பு வரை

நீர் செய்கிற வேலை சுமை தூக்குவது மட்டும்தான். ப்ராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் பிளாக்கில் சூட்டை வாங்கி, டியூப் வழியே போய், ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்பும். இறக்கிய சூட்டை வெளியே தள்ளுவது ஃபேன். அது கடைசியில் போய்ச் சேருவது உங்கள் அறைக்காற்றில். நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் ஓடினால், 180 வாட் சூட்டை ஏற்றிக்கொண்டு போகும்போதும் அந்த நீர் 2.6 டிகிரிதான் கூடுதலாகச் சூடாகும். ஆக, சூட்டைத் தூக்க நீர் எப்போதுமே போதும். எவ்வளவு குளிரும் என்பதை முடிவு செய்வது ரேடியேட்டரின் பரப்பு, ஃபேனின் தரம், அறையின் வெப்பம் ஆகிய மூன்றும்தான். பணம் குறைவாக இருக்கும்போது எதற்குச் செலவழிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதற்கு இதுவே அடிப்படை.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மே மாதம், ஏசி இல்லாத அறை, 35 டிகிரி. 240 அளவு (இரண்டு 120 மி.மீ. ஃபேன் பொருந்தும்) ரேடியேட்டர், ப்ராசசர் 180 வாட் இழுக்கிறது. ஓடும் நீர் அறையைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருக்கும், அதாவது 45 முதல் 50. சிப் அதற்கு மேலும் 30 டிகிரிக்குக் குறையாமல் ஏறும். குளிர்நாட்டு விமர்சனங்களில் 21 டிகிரி அறையில் எடுத்த எண்ணைப் பார்த்துவிட்டு இங்கே அதே எண்ணை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நீர் எக்காலத்திலும் அறைக்காற்றைவிடக் குளிராது. அதனால்தான் சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் பலர் பயப்படுவதுபோல, டியூப் வியர்த்து மதர்போர்டில் சொட்டும் பேச்சுக்கே இடமில்லை.

முதலில், இது உங்களுக்குத் தேவையா

ரைசன் 5 7600 வைத்திருக்கிறீர்கள் என்றால் தேவையில்லை. அதன் மின் உச்சவரம்பு 88 வாட். நீர் இல்லாமல் உலோகத் துடுப்பும் ஃபேனும் மட்டும் கொண்ட சாதாரண ஒற்றைக் கோபுர ஏர் கூலரே சமாளித்துவிடும். இன்டெல் ஐ5-13600கே 181 வாட் வரை போகும். இங்கேதான் பேச்சு தொடங்குகிறது. ஐ7-14700கே 253 வாட், ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட். வீடியோ ரெண்டரிங், பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் என்று மணிக்கணக்கில் முழுச்சுமை கொடுப்பவர்களுக்கு வாட்டர் கூலிங் உண்மையிலேயே பயன்படும். கேம் மட்டும் விளையாடுபவர் இந்த உச்சத்தை அபூர்வமாகத்தான் தொடுவார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120, டீப்கூல் ஏகே620 போன்ற இரட்டைக் கோபுர ஏர் கூலர்கள் பல சாதாரண 240 வாட்டர் கூலர்களுக்கு ஈடு கொடுக்கும். ஏர் கூலரில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் மட்டும்தான், சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். கையில் மூவாயிரம், நாலாயிரம்தான் இருக்கிறது என்றால் அதை வாங்குங்கள். இருப்பதிலேயே மலிவான வாட்டர் கூலரைத் தேடிப் போகாதீர்கள்.

மூடிய கிட், திறந்த கிட்

மூடிய கிட் என்பது ஏஐஓ. கம்பெனியிலேயே நீர் நிரப்பி, அடைத்து வரும். 240 அளவில் ஏறக்குறைய ஐந்தாயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. திறந்த கிட்டில் பிளாக், பம்ப், ரிசர்வாயர் (நீர்த்தொட்டி), ரேடியேட்டர், டியூப், ஃபிட்டிங் எல்லாம் தனித்தனியாக வரும். நாமே பூட்டி, நாமே நிரப்ப வேண்டும். நல்ல செம்புக் கிட் ப்ராசசருக்கு மட்டும் போட்டாலே இருபதாயிரத்தைத் தொட்டுவிடும்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்க மனமில்லாதவர் ஏஐஓ பக்கமே இருக்கட்டும். திறந்த கிட்டில் எந்தப் பாகம் பழுதானாலும் அதை மட்டும் மாற்றலாம், அடுத்த ப்ராசசருக்கும் கொண்டு போகலாம். பழுது பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு நியாயமானது.

ஏஐஓ வாங்கும்போது

அளவில் தொடங்குங்கள். 240 என்றால் இரண்டு 120 மி.மீ. ஃபேன், முகப்புப் பரப்பு 288 சதுர செ.மீ. 280 என்றால் இரண்டு 140 மி.மீ. ஃபேன், 392 சதுர செ.மீ. 360 என்றால் 432. கேபினட்டில் இடமிருந்தால் 280 நல்ல பேரம். 360-ஐ நெருங்கும் பரப்பு, இரண்டே ஃபேன், சத்தமும் குறைவு. பலர் 240-க்கும் 360-க்கும் நடுவில் தவித்துவிட்டு இதைக் கண்டுகொள்வதே இல்லை.

அடுத்து இஞ்ச் டேப்பை எடுத்துக் கேபினட்டை அளந்து பாருங்கள். ரேடியேட்டர் பெரும்பாலும் சுமார் 27 மி.மீ. தடிமன், ஃபேன் 25 மி.மீ., மொத்தம் 52. மேலே பொருத்தினால் இந்த 52 மி.மீ. மதர்போர்டின் மேல் விளிம்பில் இருக்கும் ஹீட்சிங்க்கிலோ உயரமான ரேமிலோ முட்டக்கூடாது. நீளம் 240 மி.மீ. அல்ல, இரு முனைத் தொட்டிகளையும் சேர்த்து 275-க்கு மேல் வரும். கடையில் "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்றால் நம்பி வாங்கிவிடாமல், கேபினட் கம்பெனியின் அளவுப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டில் பிளாக்கைப் பூட்டும் கிளாம்ப் பெட்டியிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கு வந்த கிளாம்ப் எல்ஜிஏ1851-க்கும் பொருந்தும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டில் பின்தட்டைக் கழற்றக்கூடாது, அதன் மேலேயே பூட்ட வேண்டும். ஸ்டாக் கிடங்கில் தேங்கிய பழைய மாடல்களில் இந்தக் கிளாம்ப் இல்லாமல் போவதுண்டு.

கடைசியாக வாரண்டி. இதற்கு நான் விலையைவிட அதிக மதிப்பு கொடுப்பேன். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 மாடலுக்கு 6 வருஷம் தருகிறார்கள். ஒரு வருஷ வாரண்டியோடு வரும் பெயர் தெரியாத ஏஐஓவை ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக வாங்குவதில் அர்த்தமில்லை. கசிந்தால் மற்ற பாகங்களின் சேதத்துக்கும் பொறுப்பேற்பார்களா என்பதையும் வாரண்டித் தாளில் படியுங்கள். ஆர்ஜிபி விளக்கு, பம்ப் தலையில் திரை எல்லாம் கடைசி வரிசையில் இருக்கட்டும்.

பொருத்தும் திசையில் ஒரே விதி: சுற்றில் பம்ப் உச்சியில் இருக்கக்கூடாது. உள்ளே கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும், அது மேலே ஏறி நிற்கும். ரேடியேட்டரைக் கேபினட்டின் கூரையில் பொருத்தினால் காற்று அங்கேயே தங்கிவிடும். முன்பக்கம் பொருத்துவதானால் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும், டியூப் கீழ்ப்பக்கம் வரட்டும். கேபினட்டின் அடித்தளத்தில் ரேடியேட்டர் வைத்தால் காற்று பம்புக்குள் போய் கரகரக்கும், பம்பின் ஆயுளும் குறையும்.

திறந்த கிட்: முதலில் உலோகத்தைப் பாருங்கள்

ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் கிட்களில் பெரும்பாலும் பிளாக் செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். இந்த இரண்டு உலோகத்தையும் ஒரே நீரில் இணைத்தால் அது ஒரு பேட்டரி ஆகிவிடுகிறது. செம்பின் மின்முனை அழுத்தம் +0.34 வோல்ட், அலுமினியத்துக்கு −1.66. இந்த இடைவெளியில் அலுமினியம் கரையத் தொடங்கும். கரைந்தது வெண்சாம்பல் களிம்பாகி, பிளாக்கின் உள்ளே இருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பள்ளங்களை அடைக்கும். ரேடியேட்டரின் சுவர் மெலிந்து ஒருநாள் ஊசித்துளையும் விழலாம்.

"ஏஐஓவிலும் செம்புத் தட்டும் அலுமினிய ரேடியேட்டரும்தானே?" என்று கேட்கலாம். பெரும்பாலானவற்றில் அப்படித்தான். ஆனால் அது அடைத்த சுற்று, அரிப்புத் தடுப்பான் கலந்த திரவம் அளந்து நிரப்பப்பட்டது, புதுக் காற்று உள்ளே போவதும் மிகக் குறைவு. நாம் திறந்து, மூடி, கையில் கிடைத்த நீரை ஊற்றும் கிட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அதனால் ஒன்று, எல்லாமே செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு. அல்லது எல்லாமே அலுமினியம். வாட்டர் கூலிங் பாகங்கள் செய்யும் இகே நிறுவனம் 2017-இல் ஃப்ளூயிட் கேமிங் என்ற பெயரில் முழு அலுமினியக் கிட்டையே விற்றது, அந்த வழியும் சரிதான். கலப்பதுதான் தப்பு.

விற்பவர் "காப்பர்" என்று எழுதியிருந்தாலும் பொருள் கைக்கு வந்ததும் சோதித்துப் பாருங்கள். காந்தம் உதவாது, இரண்டுமே ஒட்டாது. செல்போன் டார்ச்சை ரேடியேட்டரின் ஃபிட்டிங் துளைக்குள் அடியுங்கள். ஜி 1/4 என்ற அளவில் மரை வெட்டிய உள்சுவரில் பெயின்ட் இருக்காது. மஞ்சளாக மின்னினால் பித்தளை, வெள்ளியாக மின்னினால் பெரும்பாலும் அலுமினியம். பெயின்ட் விட்டுப்போன மூலையில் துடுப்புகளைப் பார்த்தாலும் நிறம் தெரியும். கையில் தூக்கும்போதே எடை காட்டிக்கொடுக்கும், செம்பு அலுமினியத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி. சந்தேகம் இருந்தால் பொருத்தாமல் திருப்பி அனுப்புங்கள். ஒருமுறை நீர் ஊற்றிவிட்டால் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

மற்ற பாகங்கள்

பம்பில் டி5, டிடிசி என்ற இரண்டு வகைதான் நெடுநாள் பேர் எடுத்தவை. ப்ராசசருக்கு மட்டும் என்றால் சின்னப் பம்பும் போதும். ஆனால் அதன் வேகத்தை மதர்போர்டு படிக்கும் வயர் இருந்தே ஆக வேண்டும், பம்ப் நின்றால் தெரிவது அதில்தான். மோலெக்ஸ் பிளக்கிலிருந்து மின்சாரம் மட்டும் எடுத்துக்கொண்டு எந்தத் தகவலும் தராத பம்பு வேண்டாம்.

டியூப் கறுப்பு இபிடிஎம் ரப்பராக இருக்கட்டும். மலிவான கண்ணாடி போன்ற பிவிசி டியூபில் இருந்து, அதை வளையவைக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனம் மெல்லக் கசிந்து நீரில் கலந்து, பிளாக்கில் வெள்ளைப் பசையாகப் படியும். 10/16 என்றால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. சுவர் தடிமனாக இருப்பதால் வளைவில் மடங்காது. ஃபிட்டிங்கும் அதே 10/16 ஆக இருக்க வேண்டும், 10/13 டியூபைப் போட்டு இறுக்கினால் பிடிக்காது. கண்ணாடிக் குழாய், கெட்டி அக்ரிலிக் குழாய் எல்லாம் பட்ஜெட் ஆட்களுக்கு வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் ஒரு பாகத்தை நகர்த்தினால் அதோடு சேர்ந்த குழாயை மறுபடி அளந்து செய்ய வேண்டும்.

கிட்டில் வராத ஒன்றைத் தனியாக வாங்குங்கள்: ஒரு டி-ஃபிட்டிங்கும் (மூன்று வாய் கொண்ட இணைப்பு) ஒரு சின்ன வால்வும். சுற்றின் தாழ்ந்த இடத்தில் இதைப் பூட்டினால், வருஷா வருஷம் நீர் இறக்குவது பத்து நிமிட வேலை. இல்லையென்றால் கேபினட்டையே கவிழ்க்க வேண்டிவரும்.

என்ன நீர்

குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் வாட்டர் எதுவும் ஆகாது. ஆர்ஓ நீரிலும் உப்பு மிச்சம் இருக்கிறது. பல ஆர்ஓ மெஷின்கள் சுவைக்காக அதைத் திரும்பச் சேர்க்கவும் செய்கின்றன. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் அடிப்படையாக ஆகும், சீல் உடையாத கேனாகப் பார்த்து வாங்குங்கள். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் விற்பார்கள், லேபிளைப் படிக்காமல் எடுக்காதீர்கள்.

வெறும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் போதாது. அரிப்புத் தடுப்பானும் பாசி பிடிக்காமல் இருக்க மருந்தும் வேண்டும். இரண்டும் கலந்த கணினிக் கூலன்ட் கான்சன்ட்ரேட் பாட்டிலை வாங்கி, அதில் சொன்ன அளவில் கலப்பதே மலிவும் நிம்மதியும். நிறமற்றதாக இருக்கட்டும். பால் போன்ற அடர்நிறத் திரவங்களில் மிதக்கும் துகள்கள் நாளடைவில் படிந்துவிடும். "மின்சாரம் கடத்தாது" என்ற விளம்பரத்தை நம்பி அசட்டையாக இருக்கவும் கூடாது. சுற்றில் ஓடி உலோகத்தைத் தொட்டதும், போர்டில் இருக்கும் தூசியில் கலந்ததும் அது கடத்தும்.

பூட்டுவதும் நிரப்புவதும்

ரேடியேட்டரைத் தனியாக எடுத்து, பாதி அளவு வெந்நீர் ஊற்றி, துளைகளை அடைத்து நன்றாகக் குலுக்கி, வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். சாலிடர் பிளக்ஸும் உலோகத் துகளும் வரும். துணியில் கறை விழாத வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடைசி இரண்டு முறை டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள் மூன்றே மாதத்தில் பிளாக்கைத் திறக்க நேர்கிறது.

ஃபிட்டிங்கை விரலால் மட்டும் இறுக்குங்கள். நீரைத் தடுப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், இறுக்கம் அல்ல. ஸ்பேனர் போட்டால் ஓ-ரிங் பிதுங்கும், அக்ரிலிக் விரிசல் விடும். ரிசர்வாயர் பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பிளாக்கில் நீர் உள்ளே வரும் துளை எது, வெளியே போகும் துளை எது என்பதை மாற்றிவிடாதீர்கள்.

அப்புறம் நிரப்புவது, வரிசையாக:

1. மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாவற்றிலிருந்தும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வயர்களைக் கழற்றுங்கள். பம்புக்குப் போகும் வயர் மட்டும் இருக்கட்டும்.
2. ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வையுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் அதில் தெரிந்துவிடும்.
3. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியாக ஓட்ட, அதற்கென்று விற்கும் 24 பின் ஜம்பர் பிளக்கைப் போடுங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் எஸ்எம்பிஎஸ்களில் எந்தப் பின் எது என்று ஊகித்துக் கம்பி சொருக வேண்டாம்.
4. ரிசர்வாயரை நிரப்பி, பம்பைச் சில வினாடி ஓட்டி நிறுத்துங்கள். நீர் இறங்கும், மறுபடி நிரப்புங்கள். பம்ப் ஒருபோதும் காய்ந்து ஓடக்கூடாது, அதன் பேரிங்குக்கு நீர்தான் எண்ணெய்.
5. சுற்று நிறைந்ததும் கேபினட்டை முன்னும் பின்னும், இடமும் வலமும் மெதுவாகச் சாய்த்துக் குமிழிகளை வெளியேற்றுங்கள்.
6. பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிடுங்கள். டிஷ்யூ காய்ந்தே இருந்தால் மற்ற வயர்களை மாட்டலாம்.

இந்த 24 மணி நேரத்தைப் பலர் இரண்டு மணியாகக் குறைக்கிறார்கள். மெல்ல ஊறும் கசிவு அதில் தெரியாது. சோதனையின்போது கசிந்தால் கவலை வேண்டாம், போர்டில் மின்சாரம் இல்லை. துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஓ-ரிங்கைப் பார்த்து மறுபடி பூட்டுங்கள்.

பம்பை மதர்போர்டின் பம்ப் ஹெடரில் (பம்ப் வயருக்கான பின்கள்) மாட்டி, பயாஸ் அமைப்பில் ஒரே வேகத்தில் ஓடும்படி வையுங்கள். ஏஐஓ என்றால் பெரும்பாலும் முழுவேகம். ப்ராசசர் வெப்பத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்க வேண்டியது ஃபேன் மட்டும்தான். டி5, டிடிசி போல அதிக மின்சாரம் இழுக்கும் பம்புகளுக்கு மின்சாரம் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வர வேண்டும். ஹெடருக்குப் போவது வேகம் காட்டும் வயர் மட்டுமே.

முதல் நாளில் ஒரு குறிப்பு

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ப்ராசசருக்கு முழுச்சுமை தரும் சினிபெஞ்ச் மென்பொருளை அரைமணி நேரம் ஓட்டி, அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ப்ராசசர் வெப்பம், பம்ப் வேகம், வாட் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே அறை வெப்பநிலையும். வெறும் 82 டிகிரி என்ற எண் பின்னால் உதவாது. 30 டிகிரி அறையில் 82, அதாவது 52 டிகிரி வித்தியாசம் என்பதே உதவும். டிசம்பரிலும் மே மாதத்திலும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். அது 60 ஆகிவிட்டால் வெயிலின் மேல் பழி போட முடியாது, உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது.

பராமரிப்பு

தூசிதான் நம் வீடுகளில் முதல் எதிரி. மாதம் ஒருமுறை கேபினட்டின் வலையைத் தட்டுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி கம்பளம்போலப் படிந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பிளோவரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதிவேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும். துடுப்புகளின் மேல் பிரஷை அழுத்தாதீர்கள், மடிந்துவிடும்.

திறந்த கிட்டில் மாதம் ஒருமுறை ரிசர்வாயரின் நீர்மட்டத்தைப் பாருங்கள். டியூப் சுவர் வழியாகக் கொஞ்சம் குறைவது இயல்பு. சட்டென்று இறங்கினால் கசிவு. வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் இறக்கி, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, புதுத் திரவம் நிரப்புங்கள். அப்போதே பிளாக்கையும் திறந்து, செம்புப் பள்ளங்களைப் பழைய மென்மையான டூத்பிரஷால் தேயுங்கள். மேல்மூடி அக்ரிலிக் என்றால் ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் அதன் பக்கமே போகக்கூடாது, மயிரிழை விரிசல் விழும். சோப்பு நீர் போதும். மூடும் முன் ஓ-ரிங் அதன் பள்ளத்தில் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள்.

ப்ராசசருக்கும் பிளாக்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பழையதை எடுக்க ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் நல்லது, ப்ராசசர் உலோகத்துக்கு அதனால் கெடுதல் இல்லை.

அடையாளம் கண்டுகொள்ள

சுமை கொடுத்த சில வினாடியிலேயே 100 டிகிரிக்குப் பாய்ந்தால் பம்ப் நின்றிருக்கிறது, அல்லது பிளாக் சரியாக ஒட்டவில்லை. பம்ப் வேகம் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். வேகம் சரியாக இருந்தும் ஒரு டியூப் கொதித்து மற்றது குளிர்ந்திருந்தால் உள்ளே அடைப்பு. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறினால் தூசி, இல்லையென்றால் காய்ந்த பேஸ்ட். சலசலவென்று சத்தம் வந்தால் காற்று. திறந்த கிட்டில் நிரப்பினால் போய்விடும், பழைய ஏஐஓவில் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

நீரின் நிறமும் பேசும். பச்சைக் கலங்கல் பாசி, மருந்து தீர்ந்துவிட்டது. தெளிவான திரவம் நீலப்பச்சையாக மாறினால் செம்பு களிம்பேறுகிறது. வெள்ளைப் பசை டியூபிலிருந்து வருவது. இந்த மூன்றில் எது வந்தாலும் வருஷம் முடியும்வரை காத்திருக்காமல் இறக்கிவிடுங்கள்.

ஏஐஓவுக்கு ஐந்து முதல் ஏழு வருஷ ஆயுளை எதிர்பார்க்கலாம். அதைத் திறந்து நீர் நிரப்பும் வீடியோக்கள் இருக்கின்றன. நீர் நிரப்புவதற்கென்றே திறக்கும் மூடி உள்ள மாடல்களைத் தவிர மற்றதில் முயல வேண்டாம், வாரண்டியும் போய்விடும். ஆயுளுக்கு எல்லை இருப்பதால், பழைய ஏஐஓவை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆனால் பழைய செம்பு ரேடியேட்டர், டி5 பம்ப் போன்றவை நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ரேடியேட்டரை மேலே சொன்னபடி அலசி, எல்லா ஓ-ரிங்கையும் புதிதாகப் போட்டுவிட்டு, அதே 24 மணி நேரச் சோதனையை முதலிலிருந்து செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.